கீரையை ஆய்தலும் அளத்தலும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு வகைப்படும் என்பதை ஆகுபெயர்ப் பாடத்தில் நாம் கற்கிறோம். தேங்காயை எண்ணுகிறோம், புளியை நிறுக்கிறோம், பாலை முகக்கிறோம், துணியை நீட்டி அளக்கிறோம். ஆனால் அன்றாடம் அடுப்பேறும் கீரையை இந்நான்கனுள் எதில் அடக்குவது என்று வினவினால் விடை கூறுதல் எளிதன்று. 'ஒரு கட்டு வாங்கி வா' என்கிறோம். கட்டு என்னும் சொல் ஈண்டுக் கீரைக்கு ஆகி வருகிறது. ஆயினும் அக்கட்டு எத்துணை எடையுடையது, அதனுள் உண்ணத்தக்க இலை எவ்வளவு என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். எண்ணலளவை போலத் தோன்றினும் எண்ணுக்குரிய உறுதி அதற்கு இல்லை.

கீரையை எவ்வாறு தேர்வது, எந்நிலையில் அளப்பது, ஒருவருக்கு எவ்வளவு வேண்டும் என்பனவற்றைச் சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி வட்டாரத்தை முன்வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கரிசல் மானாவாரி வேளாண்மையும், பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களும் அவ்வட்டாரத்து மக்களின் வாழ்வுக்கு ஆதாரங்கள். காலையில் சோறாக்கித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வேலைக்கு விரையும் தாய்மார் அங்கு மிகுதி. காலமும் காசும் அளவாக உள்ள இல்லத்தில், வாங்கும் பொருளின் அளவை அறிவது பொழுதுபோக்கு ஆகாது. அது உடல்நலத்தைக் காக்கும் கடமையாகும்.

கட்டு என்னும் அளவை

கட்டின் பருமன் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. மழைக்காலத்தில் பெருத்தும் கோடையில் சிறுத்தும் வருகிறது. வகைக்கு வகையும் மாறுகிறது. சிறுகீரையும் முளைக்கீரையும் வேரோடு பிடுங்கிக் கட்டப்படுவன. அவற்றின் எடையில் வேரும் மண்ணும் பங்கு பெறுகின்றன. அரைக்கீரை வேரை விட்டு மேலே அறுக்கப்படுவது. அங்கு மண் குறைவு. தண்டுக்கீரையில் தண்டே பெரும்பகுதி. முருங்கைக்கீரையோ கொத்துக் கொத்தாகக் காம்புடன் வருகிறது. உருவிய பின்னரே அதன் உண்மை அளவு புலப்படும்.

நகரக் கடைகளில் கீரையை எடைபோட்டு விற்கும் வழக்கமும் உண்டு. எடையென்றால் ஐயமில்லை என்று கருதிவிடலாகாது. வாடாதிருக்கத் தெளிக்கப்படும் நீர் இலைகளுக்கிடையே தங்கி நிற்கும். அந்நீருக்கும் நாம் விலை கொடுக்கிறோம். எனவே எளிய விதி ஒன்றை மனத்திற் கொள்ளலாம். கட்டாக வாங்கும்போது தண்டையும் வேரையும் நோக்குக. எடையாக வாங்கும்போது நீரை உதறிய பின் நிறுக்கச் சொல்லுக.

வேளாண் அறிஞர்களும் கீரை வகைகளை மதிப்பிடும்போது மொத்த விளைச்சலை மட்டும் நோக்குவதில்லை. இலைக்கும் தண்டுக்கும் உள்ள விகிதத்தையும் கணக்கிடுகின்றனர். கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ 3 என்னும் கீரை வகை, மீண்டும் மீண்டும் கிள்ளி எடுப்பதற்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் கணக்கிடப்படும் அவ்விகிதத்தை வாங்குவோர் கடைவாயிலில் கண்ணாலேயே கணிக்கலாம். கட்டை அவிழ்க்காமல் நடுவில் பிடித்துத் தலைகீழாகப் பார்த்தால், தண்டு எவ்வளவு, இலை எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

ஆய்தல் என்னும் சொல்

கீரையைத் துப்புரவு செய்வதை ஆய்தல் என்று வழங்குகிறோம். நூலை ஆய்வதும் கீரையை ஆய்வதும் ஒரே சொல்லாற் குறிக்கப்படுதல் சிந்திக்கத்தக்கது. உள்ளதன் நுணுக்கத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றாக ஆய்தலைத் தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. வேண்டாதவற்றை நீக்கி, வேண்டுவதை நுணுகிக் கொள்ளுதலே இரண்டிடத்தும் நிகழ்கிறது. சுளகில் கீரையைப் பரப்பி அமர்ந்திருக்கும் பாட்டியும் ஓர் ஆய்வாளரே எனலாம்.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், வறுமையுற்ற பாணர் குடிப் பெண் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கூரிய நகத்தாற் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைக்கும் காட்சி இடம்பெறுகிறது. வறுமையின் கொடுமையைக் காட்ட வந்த அக்காட்சியில் சமையற் செய்தி ஒன்றும் அடங்கியுள்ளது. கீரையின் இளமைக்கு நகமே உரைகல். நகம் பட்ட அளவில் 'டக்'கென ஒடியும் தண்டு இளையது. நார் இழுபட்டுத் தொங்குவது முற்றியது. ஈராயிரம் ஆண்டுகளாக மாறாத இச்சோதனைக்கு ஈடான கருவி இன்றும் அடுக்களையில் இல்லை.

நகச் சோதனையோடு நோக்கத்தக்க பிற அறிகுறிகள் வருமாறு:

இலை நிமிர்ந்தும் நிறம் சீராகவும் இருத்தல் வேண்டும். அடியிலைகள் மஞ்சளித்திருப்பின் பறித்து நெடுநேரமாயிற்று என்க. நுனியில் பூங்கதிர் தோன்றியிருப்பின் செடி முற்றிவிட்டது. அத்தகைய கீரையில் இலை குறைந்து நார் மிகும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் இன்றியமையாதது. பூச்சி முட்டைகளும், தண்டுக்கீரை இனத்தில் தோன்றும் வெண்ணிறப் பூசண முடிச்சுகளும் அங்குதான் மறைந்திருக்கும். ஒன்றிரண்டு துளைகளைக் கண்டு கீரையை ஒதுக்கத் தேவையில்லை. கட்டின் நடுவே கையை நுழைத்தால் வெம்மையோ கொழகொழப்போ தென்படுமாயின், வெளிப்புறம் எவ்வளவு பசுமையாக இருப்பினும் அதனைத் தவிர்த்தல் நன்று.

கீரைக்கடைக்கும் எதிர்க்கடை வேண்டும் என்பது பழமொழி. ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு இருந்தாலன்றித் தேர்வு என்பது இல்லை என்ற உண்மையை அது உணர்த்துகிறது.

பெயர் மயக்கம்

சமையற் குறிப்புகளைப் பின்பற்றுவோர்க்கு நேரும் இடர் ஒன்றை ஈண்டுச் சுட்டுதல் தகும். ஆங்கிலக் குறிப்புகளில் 'ஸ்பினாச்' என்று வருவதைப் பசலைக்கீரை எனப் பெயர்த்துவிடுகின்றனர். நம் வீட்டுப் பந்தலில் ஏறும் கொடிப்பசலை வேறு, அது வழுவழுப்புடையது. 'ஸ்பினாச்' என்பது குளிர்ச்சியை விரும்பும் வேறொரு செடி. நம் கடைகளில் 'பாலக்' என்னும் பெயரில் விற்கப்படுவதோ பெரும்பாலும் பீட்ரூட்டுக்கு உறவான இலைக்கீரை. மூன்றும் வேகும் காலத்தாலும் விடும் நீராலும் வேறுபடுவன. குறிப்பில் கண்ட அளவைக் கொடிப்பசலையில் அப்படியே கையாண்டால் பதம் பிறழும்.

எம். புதுப்பட்டி போன்ற கரிசற் சிற்றூர்களில் 'பாலக்' என்பது கடைச்சரக்கே. மண்ணுக்குரிய கீரைகள் வேறு. வடகிழக்குப் பருவமழை விழுந்ததும் மானாவாரி நிலங்களில் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை முதலியன தாமே முளைக்கின்றன. தீபாவளி முடிந்து பட்டாசுத் தொழிற்கூடங்கள் சில வாரம் ஓய்ந்திருக்கும் காலமும், மழையில் இக்கீரைகள் தழைக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றி வருகின்றன. கூலி குறையும் நாட்களில் நிலம் தரும் கொடை அது. வறண்ட மாதங்களிலோ முருங்கையும் அகத்தியும் கைகொடுக்கின்றன. வீட்டின் பின்புறத்தில் ஒரு முருங்கை நின்றால் கட்டு, எடை, விலை என்னும் மூன்று கவலையும் நீங்கும்.

ஒருவருக்கு எவ்வளவு?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு நாள்தோறும் 50 கிராம் கீரையும், கருவுற்ற தாய்க்கு 100 கிராம் கீரையும் வேண்டும் என்று கூறியது. அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, நாள் ஒன்றுக்கு 2000 கலோரி உண்பவரின் தட்டில் கீரையும் காய்களுமாக 400 கிராம் இருக்க வேண்டும் என்கிறது.

இவ்வளவுகள் சமைக்காத நிலையில், உண்ணத்தக்க பகுதியைக் குறிப்பன. இதனை மறந்துவிடுவதால்தான் நம் கணக்கு தவறுகிறது. எடுத்துக்காட்டாக, ஐவர் உள்ள குடும்பத்தில் வாரம் இருமுறை ஒவ்வொரு கட்டுக் கீரை சமைப்பதாகக் கொள்வோம். கட்டு 400 கிராம் என்றும், வேரும் முற்றிய தண்டும் நீங்கிய பின் 200 கிராம் எஞ்சுகிறது என்றும் கொள்வோம். ஒருவர் பங்கு ஒரு முறைக்கு 40 கிராம். வாரத்துக்கு 80 கிராம். நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கில் வாரத்துக்கு வேண்டுவதோ 350 கிராம். 'நாங்கள் கீரை உண்ணும் குடும்பம்' என்று நம்பும் இல்லத்திலும் தேவையில் நான்கில் ஒரு பங்கே தட்டுக்கு வருகிறது. இலையை நன்கு பற்றியுள்ள இளந்தண்டையும் சேர்த்துச் சமைத்தால் இக்குறையின் ஒரு பகுதி நீங்கும்.

வெந்த பின் அளப்பதும் மயக்கம் தருவதே. கீரையின் எடையில் பெரும்பகுதி நீர். 'பாலக்'கில் அது நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்கு உள்ளது. சூடு பட்டதும் இலை குழைந்து, இடைவெளி நீங்கிப் படிந்துவிடுகிறது. சமையற் குவளை ஒன்றில் தளர்வாக நிரப்பிய பச்சை 'ஸ்பினாச்' இலை ஏறத்தாழ 30 கிராம் நிற்கும்; அதே குவளை நிறைய வெந்த கீரையோ ஏறத்தாழ 180 கிராம். சட்டி நிறைய இட்ட கீரை அகப்பை அளவாகச் சுருங்கும் வியப்பின் காரணம் இதுவே.

ஆதலின் கீரையை அளக்கத்தக்க நிலை ஒன்றே. ஆய்ந்து, அலசி, நீர் வடித்த பின்னும், அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னும் உள்ள நிலையே அது. வீட்டில் தராசு இல்லையெனில் குறையில்லை. நீர் வடிந்த இலையை ஒரு முறை மளிகைக் கடைத் தராசில் 250 கிராம் நிறுத்து, அது வீட்டுப் பாத்திரங்களுள் எதனை எவ்வளவு நிரப்புகிறது என்று கண்டுகொண்டால், அப்பாத்திரமே அன்றுமுதல் குடும்பத்தின் அளவையாகிவிடும். ஐவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கீரை அது. இலையின் பருமன் வேறாதலின் முருங்கைக்கீரைக்குத் தனியே ஒரு முறை அளந்து கொள்ளுதல் வேண்டும்.

இரும்புச் சத்தின் கணக்கு

கீரை உண்டால் இரத்தம் ஊறும் என்பது நம் பெரியோர் வாக்கு. அதில் உண்மை உண்டு, அளவும் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தசோகை உடையோர் என்று அது காட்டியது. இருவருள் ஒருவர்க்கு மேல் என்னும் இந்நிலையில், கீரையின் ஆற்றலைக் குறைத்தும் மிகைத்தும் கூறாமல் அறிதல் வேண்டும்.

நம் நாட்டின் பழைய உணவு அட்டவணைகளில் 100 கிராம் 'பாலக்'கில் 10.9 மில்லிகிராம் இரும்பு உண்டு எனவும், முளைக்கீரையில் 25.5 மில்லிகிராம் உண்டு எனவும் குறிக்கப்பட்டிருந்தன. பின்னர்த் திருத்தப்பட்ட பதிப்பில் அவை முறையே 1.14 எனவும் 3.49 எனவும் குறைந்தன. 528 உணவுப் பொருள்களை ஆய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட இந்திய உணவுக் கூறு அட்டவணை 'பாலக்'குக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராமும், பச்சை நிறத் தண்டுக்கீரை இனத்துக்கு ஏறத்தாழ 4.6 மில்லிகிராமும் தருகிறது. இலையில் ஒட்டிய மண்ணும் இரும்புடையதே என்பதை எண்ணும்போது, ஆய்ந்து கழுவுதலின் அருமை ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்துவது விளங்கும். பழைய எண்களை அப்படியே எடுத்தாளும் நூல்கள் இன்றும் உலவுகின்றன. மாணவர்கள் விழிப்பாக இருத்தல் நலம்.

வளர்ந்த பெண் ஒருவருக்கு நாள்தோறும் 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது 2020இல் வெளியிடப்பட்ட இந்தியப் பரிந்துரை. 50 கிராம் தண்டுக்கீரை தருவதோ 2.3 மில்லிகிராம், அதிலும் உடல் ஏற்பது சிறு பங்கே. எனவே இரத்தசோகை உடையோர் கீரையை மட்டும் நம்பி, அரசு மருத்துவ நிலையம் தரும் மாத்திரையைக் கைவிடலாகாது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ப்பதும், உணவோடு ஒட்டித் தேநீர் பருகாமையும் இரும்பு உடலிற் சேரத் துணை செய்வன.

இரும்பு குறைவு என்பதால் கீரையின் பெருமை குறைந்துவிடாது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், அங்குள்ள துணியாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களை வாட்டிய ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி நம் குன்னூரிலும் தொடர்ந்தது. ஈஸ்ட் சாற்றில் அந்நோயைத் தீர்க்கும் பொருள் ஒன்று உண்டு என அவர் 1931இல் எழுதினார். 1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் நான்கு டன் 'ஸ்பினாச்' கீரையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்து, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். வில்ஸ் தேடிய பொருள் இவ்வகையினதே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. உழைக்கும் பெண்களின் நோயை ஆராயப் புகுந்த முயற்சி இறுதியில் இலையின் பெயரைத் தாங்கி நிற்பது, பட்டாசுத் தொழிற்பகுதியில் வாழும் நம் மனத்திற் கொள்ளத்தக்கது.

பறிக்கத் தகாத இடங்கள்

தானே முளைக்கும் கீரை விலையற்றது; ஆயினும் முளைத்த இடத்தை அறிந்தே பறித்தல் வேண்டும். பூச்சிமருந்து தெளித்த பருத்திக்காட்டு ஓரம், கழிவுநீர்க் கால்வாய், வண்டிகள் மிகுந்த சாலையோரம் ஆகியன விலக்கத்தக்கவை என்பதை யாவரும் அறிவர். பட்டாசுத் தொழிற்பகுதிக்கு இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கொள்ளல் வேண்டும். வெடிமருந்துக் கலவையில் பயன்படும் பெர்குளோரேட் என்னும் உப்பு நீரில் எளிதிற் கரைந்து நிலத்துள் இறங்குவது. தென்னிந்தியப் பட்டாசுத் தொழிற்பகுதியின் நிலத்தடி நீர் மாதிரிகள் சிலவற்றில் இவ்வுப்பு மிகுதியாக இருந்ததை 2013இல் வெளிவந்த ஆய்வொன்று பதிவு செய்தது. இலைக்கறிகள் இதனைப் பாசன நீரோடு உறிஞ்சி இலையிற் சேர்த்து வைப்பதை அமெரிக்கக் கொலராடோ ஆற்றுப் பாசன வயல்களில் ஆய்ந்து கண்டுள்ளனர். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி அயோடினை ஏற்பதை இவ்வுப்பு தடுப்பது. இலைக்குள் சேர்ந்ததைக் கழுவிப் போக்க இயலாது. வேகவைப்பதால் அது அழியவும் செய்யாது.

இதனால் வட்டாரத்துக் கீரை முழுவதையும் அஞ்ச வேண்டியதில்லை. மருந்துக் கழிவு கொட்டும் இடம், எரிக்கும் இடம், அவற்றினின்று மழைநீர் வழியும் பள்ளம் ஆகியவற்றின் அருகே பறிக்காதிருந்தால் போதுமானது. வீட்டுத் தோட்டத்துக் கீரைக்கும், வேலையுடையைத் துவைத்த நீரைப் பாய்ச்சாமல் நல்ல நீரையே பாய்ச்சுதல் வேண்டும்.

அடுப்பேறும்போது

அரிவதற்கு முன் அலசுவதே முறை. அகன்ற பாத்திரத்து நீரில் கீரையை அமிழ்த்தி, கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுதல் வேண்டும். நீரோடு கவிழ்த்தால் அடியில் படிந்த மண் மீண்டும் இலையிற் சேரும். நீர் தெளியும் வரை இவ்வாறு மும்முறை செய்தல் தகும். அரிந்தபின் கழுவினாலும், வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினாலும் நீரிற் கரையும் சத்துகள் வீணாகும். இலையில் ஒட்டிய நீரே இளங்கீரைக்குப் போதுமானது. சிறிது எண்ணெய் சேர்ப்பது இலையின் கரோட்டின் உடலிற் சேர உதவும்.

உப்பை அளப்பதிலேயே பலர் தவறுகின்றனர். குவிந்து நிற்கும் பச்சைக் கீரையைக் கண்டு இடும் உப்பு, அது சுருங்கிய பின் மிகையாகிவிடும். கீரை வெந்து அடங்கிய பின் உப்பிடுக. குறைந்தால் சேர்க்கலாம், மிகுந்தால் எடுக்க இயலாது.

முதியோர் சிலர்க்குத் தனிக் கவனம் வேண்டும். சிறுநீரகக் கல் உடையோர் ஆக்சலேட் மிகுந்த 'பாலக்', தண்டுக்கீரை வகைகளின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். இரத்தம் உறையாதிருக்க 'வார்ஃபரின்' மாத்திரை உட்கொள்வோர் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நாள்தோறும் ஒரே அளவாக உண்ணுதல் வேண்டும். அவர்களுக்கு அளவு என்பது மருந்தின் ஒரு பகுதியே ஆகும்.

முடிவுரை

கட்டு விற்பவர்க்கு எளிய அளவை. வெந்த அகப்பை பரிமாறுபவர்க்கு எளிய அளவை. உண்பவரின் உடலுக்குரிய அளவையோ ஆய்ந்து முடித்த இலையின் எடையே. நகத்தாற் கிள்ளித் தேர்ந்து, முளைத்த இடத்தை அறிந்து, ஆய்ந்த பின் அளந்து, வெந்த பின் உப்பிட்டு உண்ணும் பழக்கம் ஓர் இல்லத்தில் வேரூன்றுமாயின், வாரத்துக்கு எத்தனை கட்டு வேண்டும் என்பதை அவ்வில்லமே கணக்கிட்டுக் கொள்ளும். ஆய்தலை நாள்தோறும் தாயரிடமும் மனைவியரிடமும் மட்டுமே விட்டுவிடாமல், கல்லூரியில் நூலை ஆயும் மாணவரும் மாலையில் சுளகின் முன் சிறிது நேரம் அமர்வாராயின், வேலைக்குச் சென்று களைத்து மீளும் தாயின் தட்டிலும் அவர்க்குரிய கீரை குறையாது சேரும்.